கொறங்காட்டுக் காளான் போட்டோ ஏத்தறனுங்க, பேரே வர மாட்டீங்குது

காங்கயத்துக்காரன்:
வணக்கமுங்க. ஊட்ட ஒட்டியே நமக்கு ஆடு மாடு மேயற கொறங்காடு இருக்குதுங்க, ஐப்பசி மழை பேஞ்சு ரெண்டு மூணு நாள்ல வெள்வேல மரத்தடி, கிளுவ வேலியோரம், கரையான் புத்து மேலன்னு விதவிதமா காளான் மொளைக்குது, எல்லாத்தையும் போன்ல புடிச்சு ஐநேச்சுரலிஸ்ட்ல (செடி, உயிரு படம் போட்டா பார்க்கறவங்க பேர் சொல்ற இணையதளம்) ஏத்திட்டு வாறனுங்க. ஆனா முக்காவாசி வெறும் 'பூஞ்சை'ன்னே கெடக்குது. வால்பாறை, டாப்சிலிப்னு போய் எடுத்தாத்தான் ஆராய்ச்சிக்கு ஆகுமுங்களா?

மழைக்கோட்டு:
உங்க படம் பார்த்தேங்க, எல்லாமே மேல இருந்து எடுத்தது. அதை வெச்சு யாராலயும் பேர் சொல்ல முடியாது. அடிப்பக்கம் இருக்கற மடிப்பு, தண்டுல வளையம் இருக்கா, மண்ணுக்குள்ள இருக்கற அடிக்கிழங்கு, அப்புறம் பக்கத்துல என்ன மரம், இதெல்லாம் வேணும். ஒண்ணைப் பறிச்சு தொப்பிய மட்டும் பாதி வெள்ளை பாதி கருப்பு காகிதத்து மேல கவுத்தி டம்ளரப் போட்டு மூடி வெச்சா காலைல வித்துத்தூள் படிஞ்சிருக்கும், அந்தக் கலர்தான் பெரிய துப்பு. புத்துக்காளான்னா லேசா ரோஸ் கலர் வரும். வெள்ளையா பெருசா புல்லுல நிக்குமே குளோரோஃபில்லம், அதோட வித்துத்தூள் பச்சை நிறமா விழும், அது விஷக்காளான், சின்னதுல மடிப்பும் வெள்ளையா இருந்து நல்லா ஏமாத்தும்.

மலைக்குப் போகோணும்னு ஒண்ணும் இல்லீங்க, ரிசர்வ் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையவும் கூடாது. உங்க புத்து மேல மடக்கி வெச்ச கொடையாட்ட ஒண்ணு நிக்குதே, அது போடாக்ஸிஸ்னு நினைக்கறேன், அதுக்கு வறண்ட பூமிதான் பிடிக்கும், சோலைக்குள்ள தேடுனா கெடைக்குமா?

அவிநாசி அக்கா:
தம்பி, புத்துக்காளான் வர்ற எடத்தை மட்டும் அப்படியே போட்டுடாதீங்க, நாளைக்கே கூடைய தூக்கிட்டு வந்து நிப்பாங்க 😀 எங்க அமுச்சி பெத்த மகளுக்கே அந்த எடத்தைச் சொன்னதில்ல!

மழைக்கோட்டு:
அக்கா சொல்றது சரிதான், ஆனா அதுக்காக ஏத்தாம விட்டுடாதீங்க. இருப்பிடத்தை 'மறைச்சுக் காட்டு'ன்னு மாத்தினா 20 கிலோமீட்டருக்கு மேல அகலமான கட்டம்தான் மத்தவங்களுக்குத் தெரியும். எங்க எப்ப இருக்குன்னே பதிவு இல்லாத உயிரை அழியுதா இல்லையான்னு யார் சொல்ல முடியும். 2025 மார்ச் கணக்குப்படி ஐயூசிஎன் சிவப்புப் பட்டியல்ல (எந்த உயிர் அழியற நிலைல இருக்குன்னு மதிப்பிட்டுச் சொல்ற உலகப் பட்டியல்) இருந்த கிட்டத்தட்ட 1,69,000 இனத்துல பூஞ்சை வெறும் 1,300 சொச்சம்தான்.

காங்கயத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. காளானையும் எடுத்து வெக்கோணுமுங்களா?

மழைக்கோட்டு:
பேர் வராததுல ஒண்ணு ரெண்டை நிழல்ல நல்லா காய வெச்சு காகித உறைல போட்டு, தேதியும் பதிவு நம்பரும் எழுதி வைங்க, பின்னால டிஎன்ஏ பார்க்க உதவும். பிளாஸ்டிக் கவர் மட்டும் வேண்டாங்க, அழுகிப்போயிரும்.