38 ஆயிரம் ரூபாய்க்கு வக்கீல் வைக்கணுமா, நானே நிக்கலாமா?

வைகைக்கரை:
மார்ச் 9ஆம் தேதி புக் பண்ணி, கோயம்புத்தூர்ல இருந்து மதுரைக்கு வீடு மாத்தினோம். சாமான் ஏத்தி இறக்குற கம்பெனிக்குக் கட்டினது 21 ஆயிரம். இறக்கும்போது டிவி திரை முழுக்க விரிசல். அம்மா கல்யாணத்துக்கு வந்த மர பீரோவோட கால் ஒண்ணு முறிஞ்சு, தனியா ஒரு சாக்குல வந்துச்சு. நஷ்டம் 38 ஆயிரம். கேட்டா, "பில்லுக்குப் பின்னாடி படிங்க சார். ஓனர் ரிஸ்க், சேதமானா சாமான்காரர் பொறுப்பு. கேஸ் போடணும்னா பெங்களூர்லதான்"ங்கறாங்க. தெரிஞ்ச வக்கீல் 15 ஆயிரம் சொல்றார். கன்ஸ்யூமர் கோர்ட்ல நானே மனு போட்டா எடுபடுமா?

தனிமனு:
தாராளமா போடுங்க. வாஷிங் மெஷின் கேஸ்ல நானே நின்னு ஜெயிச்சவ நான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், பெங்களூர் வரை ஓட வேண்டாம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் கிடையாது. மெக்கானிக் வந்துட்டுப் போன மூணு ரசீதையும் தேதி வாரியா அடுக்கி, ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பு மையில நம்பர் போட்டு வச்சிருந்தேன். "மூணாவது தடவை என்ன மாத்தினாங்க?"ன்னு கோர்ட்டுத் தலைவர் கேட்டார். "14ஆம் பக்கம் ஐயா"ன்னேன். அவரே புரட்டிப் படிச்சுக்கிட்டார். நம்ம வீட்டுல நடந்ததை நம்மளைவிட யாரு தெளிவா சொல்லிட முடியும்?

கருப்புக்கோட்டு:
நான் வக்கீல். அம்மா ஜெயிச்சதுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனா வாஷிங் மெஷின் கேஸும் இதுவும் ஒண்ணு இல்ல. லாரியில வந்த சரக்கு சேதமானா 2007 சாலை வழிச் சரக்குச் சட்டம் குறுக்க வரும். அதோட 16ஆம் பிரிவுப்படி, வழக்குக்கு முன்னாடியே எழுத்து மூலமா நோட்டீஸ் கொடுத்திருக்கணும். அதுவும் புக் பண்ண தேதியில இருந்து 180 நாளுக்குள்ள. நுகர்வோர் சட்டத்துல 2 வருஷம் இருக்குன்னு நம்பி உக்காந்திருந்தா, எதிர்த்தரப்பு இந்த ஒரு பிரிவை நீட்டியே மனுவைத் தள்ளுபடி பண்ணச் சொல்லும். இதை உங்களுக்குத் தெரிஞ்ச அந்த வக்கீல் சொன்னாரா?

தனிமனு:
சொல்லியிருக்க மாட்டார், சரி. ஆனா வக்கீல் சார், நீங்க நாலு வரியில சொன்னது இப்போ எங்க எல்லாருக்கும் புரிஞ்சிருச்சே. அந்த நோட்டீஸை அவரே எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினா செல்லாதா?

கருப்புக்கோட்டு:
செல்லும். மறுக்கல. நான் பயப்படுறது அதுக்கு அப்புறம். எதிர்மனுதாரர் பதிலுரை போட 30 நாள், கேட்டா இன்னும் 15 நாள், அவ்வளவுதான். 45 நாளுக்கு மேல ஒரு நாள்கூடத் தர முடியாதுன்னு 2020 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வே சொல்லிருச்சு. 60ஆம் நாள் அவங்க வக்கீல் பதிலுரையை நீட்டினா, தனியா நிக்கிறவர் வாயைத் திறப்பாரா? கம்பெனிப் பேருக்குப் பதிலா கிளை ஆபீஸ் போர்டுல இருந்த பேரைப் போட்டு ஜெயிச்ச ஒருத்தர், உத்தரவுப் பணத்தை வசூல் பண்ற நிறைவேற்று மனுவுக்கு என்கிட்ட வந்தார். அந்தப் பேர்ல ஒரு கம்பெனியே கிடையாது. ரெண்டு வருஷ உழைப்பு, கையில வெறும் உத்தரவு.

மேலூர்த் தறி:
ரெண்டு பேரும் எங்களை மாதிரி ஆளுங்களை மறந்துட்டீங்க. நானும் தனியாத்தான் நின்னேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு. ஒன்பது வாய்தா. பாதி நாள் "அடுத்த மாசம் வாங்க" மட்டும்தான். ஜெயிச்சேன். அப்பீலுக்கு இருக்கிற 45 நாள் முடியிறதுக்குள்ள அவங்க மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிட்டாங்க. அங்கேயும் தனியா நிக்கத் தெம்பில்லாம வக்கீல் வச்சேன். கட்டணமே இல்லன்னு சொல்றீங்களே அக்கா, என் கூலியை யார் கணக்குல எழுதறது?

தனிமனு:
தம்பி, அது நியாயம். நான் ரிட்டயர்டு ஆசிரியை, எனக்கு நேரம் இருந்துச்சு. அதை முதல்லயே சொல்லியிருக்கணும். வீடியோவுல ஆஜராகக் கேட்டு மனு போட சட்டத்துல இடம் இருக்கு, இனிமே போறவங்க அதைக் கேளுங்க. அப்பீல் போறவங்க உத்தரவுத் தொகையில பாதியைக் கட்டித்தான் போக முடியும், அந்த அளவுக்குப் பணம் பத்திரமா இருக்கும். அதுக்காக 38 ஆயிரத்துக்கு 15 ஆயிரம் கொடுன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியாது. அப்படிச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரு கேஸே போடாம விட்டுடறாங்க.

கருப்புக்கோட்டு:
15 ஆயிரம் கொடுக்கச் சொல்லி நான் எங்கயும் எழுதலையே. வைகைக்கரை, பில் யார் பேர்ல இருக்கு?

வைகைக்கரை:
மனைவி பேர்ல சார். அவங்க போன்ல இருந்துதான் புக் பண்ணோம்.

கருப்புக்கோட்டு:
அப்போ மனுதாரர் அவங்கதான். 1987 சட்டப் பணிகள் சட்டத்துல பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போய்க் கேளுங்க. வக்கீல் கிடைக்கிறவரை காத்திருக்காம நோட்டீஸை முதல்ல அனுப்புங்க. கம்பெனியோட பதிவான பேர் ஜிஎஸ்டி பில்லுல இருக்கும், அதையே அப்படியே எழுதுங்க.

வைகைக்கரை:
கணக்குப் போட்டுப் பாத்தேன். செப்டம்பர் 5ஓட 180 நாள் முடியுது. இன்னைக்கு ஆகஸ்ட் 22. போர்டுல ஒரு பேர், பில்லுல வேற பேர், சார் சொன்ன மாதிரியேதான். பில்லுல இருக்கிறதைப் போட்டு எழுதி மனைவி கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்குக் காலையில தல்லாகுளம் தபாலாபீஸ் திறந்ததும் முதல் ஆளா நிப்பேன். பீரோ கால் இன்னும் சாக்குலதான் இருக்கு, போட்டோ எடுத்து வைக்கிறேன்.