வேட்டைத் துப்பாக்கிக்கு மலிவாக மாற்றுக் கட்டை: தேடியவர்கள் சொல்லும் கதைகள்

டெட்ராயிட் பக்கத்திலிருந்து:

மிச்சிகனில் நவம்பர் 15 என்றால் மான் வேட்டைக்காரர்களுக்குத் தீபாவளி. அன்றுதான் துப்பாக்கிப் பருவம் தொடங்கும். போன பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, துப்பாக்கியைக் கயிற்றால் மேலே இழுத்தேன். தோட்டா போடாமல் அப்படி இழுப்பதுதான் முறை. முடிச்சு நழுவியது. பன்னிரண்டு அடி கீழே ஒரு கல். குழலுக்கும் ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டது கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் மரப்பகுதி. விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் அதன் ஒடுங்கிய கழுத்தில் மட்டும், மரத்தின் ரேகையோடு சாய்வாக ஒரு பிளவு. கையில் எடுத்துத் திருகினால் கிறீச்சென்றது.

ரெமிங்டன் 700, 30-06 தோட்டா. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் 350 டாலருக்குக் கொடுத்தது. புதிதாக மரத்தில் கடைந்து தர ஒருவர் 900 டாலர் கேட்டார். துப்பாக்கியைவிடக் கட்டை விலை அதிகம் என்றால் எப்படி?

மலிவுக்கு ஒரு நல்ல வழி உண்டு. புதுத் துப்பாக்கி வாங்குகிறவர்களில் பலர் முதல் வேலையாகக் கட்டையை மாற்றிவிடுவார்கள். கழற்றிய கட்டை பரணில் தூசி படிந்து கிடந்து, பிறகு விற்பனைக்கு வரும். அப்படி ஒன்று 45 டாலருக்குக் கிடைத்தது. "700க்குப் பொருந்தும்" என்று எழுதியிருந்தார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் 700இல் குட்டை, நீளம் என்று இரண்டு உடல்கள் (குழலுக்குப் பின்னால் தோட்டாவை ஏற்றும் இரும்புப் பகுதி) உண்டு. 308 தோட்டா குட்டை உடலில் போகும். 30-06க்கு நீள உடல் வேண்டும். எனக்கு வந்தது குட்டை. முன் திருகு உட்கார்ந்தது, பின் திருகு அதன் துளைக்கு அருகில்கூட வரவில்லை. திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இரண்டாவது முறை நீளத்தைக் கேட்டேன், அடிப்பக்கத்தைக் கேட்க மறந்தேன். பிடிஎல் வகையில் தோட்டா அறைக்குக் கீழே திறக்கும் உலோகக் கதவு இருக்கும். ஏடிஎல் வகையில் அடி முழுக்க மூடிய மரம். என்னுடையது பிடிஎல். வந்தது என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து:

தம்பி, உங்கள் கதை பரவாயில்லை. நான் ஒரு கட்டை வாங்கப்போய் இரண்டு வாங்கினேன்.

என்னிடம் இருப்பது பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கி, நம்பர் 1 மார்க் 3 ரகம். ஊரில் போலீஸ்காரர்களின் தோளில் பார்த்த அதே 303. கனடாவில் இவற்றின் முன்மரத்தை அறுத்துக் குறைத்து வேட்டைக்கு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இதற்குக் கட்டை ஒரே மரம் அல்ல. பின்கட்டை தனி, முன்கட்டை தனி. பின்கட்டை வெடித்திருந்ததால் அதை மட்டும் 60 டாலருக்கு எடுத்தேன்.

பின்கட்டையின் முனையில் பித்தளைத் தகடு. அதைக் கழற்றினால் ஓர் ஆழமான துளை, உள்ளே அடைத்த தோல் துண்டு. அதைக் கொக்கியால் இழுத்தெடுத்தால், அடியில் நீண்ட ஆணியின் தலை தெரியும். ஒரு முழ நீளத் திருப்புளி வேண்டும். எனக்குப் பெருமிதம், விட்டுச் சுற்றினேன். முன்னால் டக்கென்று ஒரு சத்தம்.

இந்த ரகத்தில் அந்த ஆணியின் மறுமுனை சதுரமாக இருக்கும். முன்கட்டைக்குள் இருக்கும் சிறு தகடு அந்தச் சதுரத்தைக் கவ்விப் பிடிக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் ஆணியைத் திருகினால், சதுரம் திரும்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். பழைய கைகளுக்கு இது அரிச்சுவடி. எனக்கு 110 டாலர் பாடம்.

இன்னொன்று. இந்தப் பின்கட்டைகள் பல நீளத்தில் வந்தன. மேலே எழுத்து அடித்திருப்பார்கள். எஸ் என்றால் குட்டை, எல் என்றால் நீளம், பி இன்னும் குட்டை. கோடையில் சட்டையோடு பிடித்துப் பார்த்தபோது எல் அருமையாக இருந்தது. நவம்பரில் தடித்த குளிர்ச்சட்டை போட்டுத் தோளுக்குக் கொண்டுபோனால் அக்குளில் மாட்டிக்கொண்டது. மூஸ் என்ற அந்தப் பெரிய மான் எனக்காகக் காத்திருக்கவில்லை.

டெக்சாஸிலிருந்து:

நான் பாய்ட்ஸ் நிறுவனத்தின் கட்டை வாங்கினேன். தெற்கு டகோட்டாவில் மிட்செல் என்ற ஊரில் செய்கிறார்கள். மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி அழுத்திச் செய்வது. ஈரத்துக்கு அவ்வளவாக வளையாது, ஆனால் கனம். குழல் உட்காரும் பள்ளத்தை மட்டும் நானே ஒரு மாலை உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேய்த்தேன். குழல் மரத்தைத் தொடக் கூடாது. ஒரு டாலர் தாளை இரண்டுக்கும் நடுவே விட்டு இழுங்கள். எங்கும் சிக்காமல் வந்தால் போதும். பிளாஸ்டிக் கட்டை மலிவுதான். ஆனால் முன்முனையைக் கையால் அழுத்தும்போதே குழலைத் தொட்டால் அதை வாங்காதீர்கள்.

மீண்டும் டெட்ராயிட் பக்கத்திலிருந்து:

அண்ணா, கடைசியில் நான் எதையும் வாங்கவில்லை. எதிர்வீட்டுக் கிழவர் தச்சு வேலை தெரிந்தவர். பிளவை லேசாக விரித்து, பழைய எண்ணெயை அசிட்டோன் விட்டுக் கழுவி, எபாக்சி பசையை உள்ளே செலுத்தி, சைக்கிள் டியூபால் இறுகச் சுற்றி இரண்டு நாள் வைத்தார். பிறகு குறுக்கே ஒரு பித்தளைக் கம்பி. பசைக்கும் கம்பிக்கும் சேர்த்து 19 டாலர்.

ஸ்கோப்பை மறுபடி நேர்செய்ய 32 தோட்டா செலவானது. அந்தக் கணக்கை வீட்டில் சொல்லவில்லை. அந்த இரண்டு தவறான கட்டைகளில் பின்னதைத் திருப்பி அனுப்பவில்லை. ஏடிஎல், நீள உடல், வால்நட் மரம், கீறல் இல்லை. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், தபால் செலவு மட்டும் போதும்.