ஹார்ட்டெயில் சேஸிஸ் கிட்: பவுடர் கோட்டிங்குக்கு இப்பவே கொடுக்கலாமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. பின் ஷாக் இல்லாத ஹார்ட்டெயில் ஃப்ரேம் கிட் கைக்கு வந்திருக்கு. இன்ஜின் வேற வண்டியோடது. ரேக் (ஸ்டீயரிங் கழுத்து செங்குத்திலிருந்து சாயும் கோணம்) 35 டிகிரி, வீல்பேஸ் (ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவிலுள்ள தூரம்) 1650 மி.மீ., முன் டயர் 100/90-19, ட்ரிப்பிள் கிளாம்ப் (ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் தட்டுகள்) ஆஃப்செட், அதாவது ஸ்டீயரிங் அச்சிலிருந்து ஃபோர்க் முன்தள்ளி நிக்கும் தூரம், 50 மி.மீ. ஃபோர்க் குழாயை கிளாம்ப்பில் 50 மி.மீ. மேலே தள்ளி முன்பக்கத்தை இன்னும் இறக்கணும். அப்படி இறக்கினா ஃப்ரேமின் கீழ்க்குழாய் தரையிலிருந்து 110 மி.மீ. உயரத்தில் நிக்கும். பின்னால 180 மி.மீ. அகல டயர், 530 அளவு செயின். இன்ஜின் ஸ்ப்ராக்கெட் ஃப்ரேம் நடுக்கோட்டிலிருந்து 95 மி.மீ. தள்ளி இருக்கு. ஃப்ரேமை இப்பவே பவுடர் கோட்டிங்குக்கு (பொடியைப் பூசி சூட்டில் உருக்கும் பெயிண்ட்) கொடுத்துடலாமா?

பதில் 1

கொடுக்காதீங்க. முதல்ல வண்டி முழுசா பச்சை இரும்பாவே எழுந்து நிக்கணும். டேங்க், சீட், ஃபெண்டர், பேட்டரி பெட்டி, சைடு ஸ்டாண்டு, பிரேக் காலிப்பரின் தாங்கு கை, ஒயர் போற கிளிப் வரை எல்லாத்தையும் பொருத்திப் பார்த்து, பிராக்கெட்டுகளை டாக் (சின்னப் புள்ளி வெல்ட்) மட்டும் வைங்க. அப்புறம் இன்ஜினை இறக்கிட்டு முழு வெல்டிங். பின் ஆக்சிலை ஸ்பேசரோட (இடைக்குழாய்) மாட்டி இறுக்கி வெச்சுத்தான் வெல்ட் அடிக்கணும். ஆக்சில் பிளேட்டுகளை வெறுமனே விட்டா சூட்டில் உள்வாங்கிடும், பிறகு வீல் நேரா உட்காராது. ஒரே இடத்தில் நீளமா இழுக்காம இடம் வலமா மாத்தி மாத்திச் சின்னதா போடுங்க.

பவுடருக்கு அனுப்பும்போது ஹெட் பேரிங் கப் உட்காரும் இடம், மரை எல்லாம், இன்ஜின் மவுண்ட் முகங்கள், ஆக்சில் பிளேட்டின் முகங்கள், எர்த் போல்ட் புள்ளி இதையெல்லாம் மறைக்கச் சொல்லுங்க. மவுண்ட் முகத்தில் பவுடர் இருந்தா அது நசுங்கி நசுங்கி போல்ட் இறுக்கம் போயிடும். சாலை அதிர்வு நேரா ஏறும் ஹார்ட்டெயிலில் இது சீக்கிரமே தெரியும்.

பதில் 2

முன்பக்கக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டயர் ஆரம் சுமார் 330 மி.மீ. ஆரத்தை ரேக்கின் டேன்ஜென்ட்டால் பெருக்கி, அதிலிருந்து ஆஃப்செட்டை ரேக்கின் கொசைனால் வகுத்து வருவதைக் கழிச்சா ட்ரெயில், அதாவது ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம். 35 டிகிரிக்கு 231 கழித்தல் 61, ஆக 170 மி.மீ. கொஞ்சம் அதிகம்: நேர்கோட்டில் உறுதியா போகும், ஆனா மெதுவா திரும்பும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கமா சரியும். பொதுவா 100லிருந்து 150க்குள் வெச்சா ஓட்டச் சுகம்.

ஃபோர்க்கை 50 மேலே தள்ளினா முன்பக்கம் செங்குத்தா 41 மி.மீ. இறங்கும், ரேக் 33.6 ஆகும், ட்ரெயில் 159. அதோட 60 மி.மீ. ஆஃப்செட் கிளாம்ப் போட்டா 147. இது நல்ல இடம். ஃபோர்க் கோணத்தைத் தனியா சாய்க்கும் கிளாம்ப்பைக் கணக்குப் பார்க்காம மாட்டாதீங்க. ட்ரெயில் ஒரேயடியா குறைஞ்சா வேகத்தில் முன்வீல் ஆடும், அது ஆபத்து.

110 மி.மீ. இடைவெளிதான் கவலை. பிரேக் பிடிச்சு ஃபோர்க் 100 மி.மீ. உள்ளே போனா முன்பக்கம் 80க்கு மேல இறங்கும். முன் ஆக்சிலுக்கு 550 மி.மீ. பின்னால இருக்கும் கீழ்க்குழாய் வளைவு ஏறக்குறைய 55 இறங்கும். மீதி 55 தான், ஒரு வேகத்தடை போதும். ஸ்பிரிங்கைக் கழற்றிட்டு ஃபோர்க்கை அடிவரை அமுக்கி, ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க. டயர் கீழ் கிளாம்ப்பிலோ எக்ஸாஸ்டிலோ தொட்டா ஃபோர்க்கை 50 தள்ளக் கூடாது, 25 தான். அப்போ ட்ரெயில் கணக்கையும் திரும்பப் போடணும்.

பதில் 3

180 டயர் நுழையாது. டயரில் பாதி 90, இடைவெளி 6, செயினில் பாதி 12, மொத்தம் 108 வேணும். உங்ககிட்ட 95 தான். 13 மி.மீ. தள்ளின ஆஃப்செட் ஸ்ப்ராக்கெட் போடலாம், ஆனா நட்டும் ஷாஃப்ட் பேரிங்கும் கூடுதல் நெம்பலைத் தாங்கணும். 150 டயர்னா 93 போதும், அதுக்கேத்த ரிம்மோட எந்த வேலையும் இல்லாம உட்காரும். வீலை நடுக்கோட்டை விட்டுத் தள்ளி வைக்கிற யோசனை மட்டும் வேண்டாம்.

இன்னொண்ணு: ஹப்புக்குள்ள ரெண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேசரை விட்டுடாதீங்க. அது இல்லாம ஆக்சிலை இறுக்கினா உள்வளையங்கள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு பேரிங் சூடாகிப் போயிடும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி, 150க்கே மாறிக்கறேன். இன்ஜினை வெச்சுப் பார்த்தேன். முன் மவுண்ட்ல இடது பக்கம் 1.5 மி.மீ. இடைவெளி. போல்ட்டை இறுக்கினா ஒட்டிடுது. அப்படியே விடலாமா?

பதில் 1

விடவே கூடாது. ஒட்டுதுன்னா போல்ட் இன்ஜின் கேஸின் காதை (போல்ட் நுழையும் நீட்டல்) இழுத்துப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அலுமினியக் காது அந்த இழுவையிலேயே அதிர்ந்து அடிவாரத்தில் விரிசல் விடும், ஆயில் கசிஞ்ச பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். எல்லா மவுண்ட் போல்ட்டையும் கையாலேயே நுழைச்சு, பின் மவுண்ட்டை மட்டும் இறுக்குங்க. முன்பக்கம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு நாலு மூலையிலும் அளங்க. இடைவெளி சமமா இருந்தா அதே கனத்தில் எஃகு ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகடு) வைங்க. ஒரு மூலையில் 1.5, எதிர் மூலையில் 0.8னு வந்தா மவுண்ட் தட்டே சாய்ஞ்சிருக்கு, அதை வெட்டித் திரும்ப வெல்ட் பண்ணணும். ஷிம் சரின்னா, இறுக்கும்போது போல்ட்டைச் சுத்திச் சுத்தி நெருக்க வேண்டியிருக்காது, தொட்டதும் கெட்டியா நிக்கும். ஷிம் போட்ட பிறகு ஸ்ப்ராக்கெட்டோட 95ஐ இன்னொரு தடவை அளந்துக்கோங்க, 150 டயருக்கு உங்ககிட்ட இருக்கறது 2 மி.மீ. தான்.