நட்சத்திரங்கள் கோடாக விழுகின்றன, உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. இரவில் படம் எடுக்க இப்போதுதான் பழகுகிறேன். கையில் இருப்பது கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கேமரா, 18-55 லென்ஸ், ஒரு டிரைபாட். 18 மி.மீ. குவியத் தூரம், எஃப் 3.5 லென்ஸ் துளை, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, 25 விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக நிற்காமல் சிறு கோடாக இழுபடுகின்றன. பூமி சுழல்வதால்தான் என்பது புரிகிறது. கோடு விழாமல் எத்தனை விநாடி வைக்கலாம் என்று பார்க்க, 500-ஐக் குவியத் தூரத்தால் வகுக்கும் கணக்கில் கிராப் சென்சாருக்கான 1.5 மடங்கையும் சேர்த்தால் 18 விநாடிதான் வருகிறது. சரி என்று 15 விநாடி வைத்தால் படம் இருண்டுவிடுகிறது. ஐஎஸ்ஓவை 6400 ஆக்கினால் ஒரே நாய்ஸ் (படமெங்கும் பொடிப் புள்ளிகள்). எதை விட்டுக்கொடுப்பது நல்லது?

அப்புறம் ஃபோகஸ். மேனுவலில் வைத்து, லைவ் வியூவில் (கேமராத் திரையில்) பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பெரிதாக்கிச் சரிசெய்கிறேன். நாலைந்து படம் கழித்து மறுபடியும் மங்கல். லென்ஸில் பனி படிகிறதா, ஃபோகஸ் வளையம் நகர்ந்துவிடுகிறதா, எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த அமாவாசைக்குள் ஒரு நல்ல படமாவது எடுத்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது.