பின்னால் எடுத்ததும் ஒரு 'டர்ர்ர்': பழைய கேம்பர் வண்டியும் மட்ஃபிளாப்பும்

ஓம்னி அண்ணாச்சி, பெங்களூரு:
வண்டி 2008 ஓம்னி. பின் சீட்டைக் கழற்றிக் கட்டில், அடுப்பு எல்லாம் போட்டிருக்கிறேன். ஏற்காடு போய்த் திரும்பும்போது ஓசூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் ரிவர்ஸ் எடுத்தேன், டர்ர்ர் என்று சத்தம். "துணி கிழிஞ்ச மாதிரி இருக்கே" என்றாள் வீட்டுக்காரி. இறங்கிப் பார்த்தால் இடது மட்ஃபிளாப், அதாவது சேறு தெறிக்காமல் இருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர், டயருக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிப் பிய்ந்து கிடக்கிறது. ரப்பர் போனால் போகட்டும், அதைப் பிடித்திருந்த தகரமும் அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. மடிப்புக்குள் ஒரு கைப்பிடி செம்மண், இன்னும் ஈரமாக! வண்டி உதிரிபாகம் விற்கும் ஜே.சி. ரோட்டில் ஓம்னிக்கு என்று கேட்டால் கடைக்காரர் "யாவ காலத காடி சார்" (எந்தக் காலத்து வண்டி சார்) என்று கன்னடத்தில் சிரித்துவிட்டு, எல்லா வண்டிக்கும் போடும் ரப்பரை எடுத்து நீட்டினார்.

டிராவலர்காரன்:
ரிவர்ஸ் மேல் பழி போடாதீர்கள் அண்ணாச்சி, துரு எப்போதோ தின்று முடித்துவிட்டது, கல் சும்மா தள்ளிவிட்டது அவ்வளவுதான். என் டிராவலர் வேன் கதை வேறு. சிக்மகளூர் மலை ஏறும்போது ரப்பர் கருகும் வாடை. பிரேக்தான் என்று நினைத்து மூன்று இடத்தில் நிறுத்தி ஆற விட்டேன். நான்காவது தடவை குனிந்து பார்த்தால் புதிதாகப் போட்ட மட்ஃபிளாப் சைலன்சர் குழாயில் ஒட்டிக்கொண்டு ஜவ்வு மிட்டாய் மாதிரி தொங்குகிறது. மெக்கானிக் பழைய துளைக்குப் பொருத்தாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டியிருக்கிறார்.

பைக் பையன்:
என்னிடம் கேம்பர் கிடையாது. ஆனால் இரண்டு வருஷமாக மறக்கவில்லை. பெங்களூரு சில்க் போர்டு சிக்னல், மழை, இன்டர்வியூவுக்கு வெள்ளைச் சட்டை. முன்னால் போன பழைய வேனுக்குப் பின்பக்கம் ஃபிளாப்பே இல்லை, ஹெல்மெட் கண்ணாடி முழுக்கச் சேறு. சிக்னலில் அந்தப் பெரியவர் ஜன்னல் வழியாக ஒரு துண்டை நீட்டி "துடைச்சுக்கோ தம்பி" என்றார். துண்டு சட்டையைவிட அழுக்கு.

ரப்பர் சித்தப்பா:
என் அனுபவம் ஒரு வரிதான்: பின்பக்க ஃபிளாப் இரண்டும் ஒரே மழையில் போனது. அதற்குப் பிறகு கற்றதைச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்று தெரியும். கடை ரப்பர் வெயிலில் விறைத்துப்போய் முதலில் துளையில்தான் கிழியும், ஏனென்றால் இழுவை மொத்தமும் அந்த இரண்டு போல்ட்டில். மேலே குறுக்காக ஒரு அலுமினியப் பட்டை வைத்து முடுக்கினால் இழுவை அகலமாகப் பரவும். பழைய கன்வேயர் பெல்ட் கிடைத்தால் இன்னும் நல்லது, உள்ளே துணி இருப்பதால் லேசில் கிழியாது, ஆனால் கனம், தகரம் நன்றாக இருந்தால் மட்டும் போடுங்கள். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு (துருத் தடுப்புப் பெயின்ட்) அடித்து, காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஃபிளாப்பைக் கழற்றி மடிப்பு மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். டிராவலர்காரர் சொன்னது பாதி சரி, பாதி தப்பு. துரு தின்றது உண்மை, ஆனால் ஃபிளாப் தரையைத் தொடும் நீளத்தில் இருந்தால் புது வண்டியிலும் ரிவர்ஸில் மாட்டும். காலி வண்டியில் அளந்து வெட்டாதீர்கள். 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ, அதோடு கட்டில், சிலிண்டர், ஆட்கள், எல்லாம் ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும்.

டிராவலர்காரன்:
பாதி தப்பா? சரி, உங்கள் பெல்ட் கனத்தில் தகரம் பிய்ந்தால் அப்போது பேசுவோம்.

ஓம்னி அண்ணாச்சி:
சண்டை வேண்டாம். சித்தப்பா பேச்சைக் கேட்டு நேற்று தண்ணீர் டேங்கை நிரப்பி, மச்சானையும் பின்னால் உட்கார வைத்து அளந்தேன். மூன்று விரல்கடை குறைக்க வேண்டியிருந்தது. மச்சானுக்குத்தான் கோபம்.