வேட்டை ஸ்கோப், கனம் அதிகம், 60 மடங்கில் படம் ஆடுகிறது. எந்த ட்ரைபாட், எந்த ஹெட்?

நாங்குநேரிக்காரன் | சனி, இரவு 9:12
அவசரம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. மாமா வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) கொண்டுவந்து கொடுத்தார். அங்கே வேட்டைக்காரர்களுக்கென்று விற்பதாம், நல்ல கனம். வீட்டில் இருந்த ட்ரைபாடில் மாட்டினேன். 60 மடங்குக்குப் போனால் எல்லாம் ஆடுகிறது, ஒன்றும் படிக்க முடியவில்லை. நல்ல ட்ரைபாடும், அதன்மேல் ஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் ஹெட்டும் சொல்லுங்கள். இன்றைக்கே ஆர்டர் போட வேண்டும்.

உப்பளத்தான் | இரவு 9:30
தம்பி, நல்ல கனம் என்றால் எத்தனை கிலோ? நேராகப் பார்க்கும் ஸ்கோப்பா, கண் வைக்கும் ஐபீஸ் மேல்நோக்கிச் சாய்ந்ததா? உன் உயரம் என்ன, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, இப்போது மாட்டியிருக்கும் ட்ரைபாட் எது? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

மலைக்காடு | இரவு 9:34
யோசிக்கவே வேண்டாம், கார்பன் ஃபைபர் எடுங்கள். அலுமினியம் அதிர்வைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கார்பன் விழுங்கிவிடும். நான் மாறி நாலு வருஷம் ஆகிறது, திரும்பிப் பார்க்கவில்லை.

தையல்சிட்டு | இரவு 9:51
வேட்டை என்று தலைப்பில் பார்த்ததும் பகீரென்றது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம் என்று தெரியும்தானே? எதைப் "படிக்க" வேண்டும் உங்களுக்கு?

நாங்குநேரிக்காரன் | இரவு 10:20
அக்கா, நான் கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்குப் பக்கத்து ஊர். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து அந்தக் கரையில்தான் நிற்கிறேன். ஸ்கோப் வேட்டைக்காரருக்குச் செய்தது, நான் வேட்டைக்காரன் இல்லை.

படிக்க வேண்டியது, பறவையை அடையாளம் காண ஆய்வாளர்கள் மாட்டும் கழுத்துப் பட்டை. வரித்தலை வாத்துக் கூட்டத்தில் ஒன்றின் கழுத்தில் பச்சைப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து. மூன்று நாளாகப் போராடுகிறேன்.

அம்மா பலகாரம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், ஐபீஸோடு 2.1 கிலோ. முன்கண்ணாடி 85 மி.மீ., 20-60 மடங்கு. நேர் ஸ்கோப். என் உயரம் 178 செ.மீ. பட்ஜெட் 15,000. இப்போது இருப்பது அண்ணன் கல்யாண வீடியோவுக்கு வாங்கிய லேசான ட்ரைபாட், பந்துமேல் சுழலும் பால் ஹெட். குமிழைத் தளர்த்தினால் ஸ்கோப் சடாரென்று மூக்கைக் குத்திக்கொண்டு விழுகிறது. நேற்று விரல் நடுவில் மாட்டி நகம் கறுத்துவிட்டது.

தையல்சிட்டு | இரவு 10:26
மன்னித்துவிடுங்கள் தம்பி. மங்கோலியாவில் மாட்டிய பட்டையாக இருக்கலாம், அங்கே பச்சைதான் போடுகிறார்கள். எப்படியாவது படியுங்கள்.

தொலைநோக்கர் | இரவு 11:03
இந்தக் கேள்வி மாதம் மூன்று முறை வருகிறது, பழைய இழைகளைத் தேடும் பழக்கம் யாருக்கும் இல்லை. அடிப்படையிலிருந்தே சொல்கிறேன், இந்த முறையாவது மனதில் வையுங்கள்.

ஸ்கோப்புக்கு யாரும் பால் ஹெட் போடுவதில்லை. பந்து எல்லாப் பக்கமும் சாயும். உங்களுக்கு வேண்டியது இடவலம், மேல்கீழ் என்ற இரண்டு அசைவு மட்டும். ஆகவே கைப்பிடி உள்ள, வழவழவென்று மெதுவாக நகரும் ஃப்ளூயிட் ஹெட். பெட்டியில் "5 கிலோ தாங்கும்" என்று போட்டிருந்தால் உடையாது என்றுதான் பொருள், ஆடாது என்று பொருள் இல்லை. 60 மடங்கு பறவையைப் பெரிதாக்குவதுபோல நடுக்கத்தையும் 60 மடங்கு பெரிதாக்கும். இது தெரியாமல் ஸ்கோப் வாங்கினால் இப்படித்தான்.

உப்பளத்தான் | ஞாயிறு, காலை 5:48
சொன்ன விஷயம் சரி சார், ஆனால் பையன் வாங்கவில்லை, மாமா கொடுத்தது.

தம்பி, ஆர்டர் போடுவதற்கு முன் ஒன்று செய். பட்டை மேல் ஃபோகஸ் வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துவிடு. மூச்சை விட்டு மூன்று எண்ணு. படம் நின்றுவிட்டால் குறை ட்ரைபாடில். மூன்று, நான்கு, பத்து எண்ணியும் வாத்தின் ஓரமெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்துகொண்டே இருந்தால் அது கானல். அதற்கு லட்ச ரூபாய் ட்ரைபாடும் உதவாது. எத்தனை மணிக்குப் பார்த்தாய்?

சர்வேயர் பெரியப்பா | காலை 6:30
நான் 36 வருஷம் நில அளவையில் இருந்தவன். தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்த மரக்காலை, அதாவது மர ட்ரைபாடை, ஒருவரும் நினைப்பதில்லையே என்று எனக்கு வருத்தம். மரம் அதிர்வை அடக்குவதுபோல எதுவும் அடக்காது. கால் நுனியில் இரும்புக் குத்தி இருக்கும். பக்கத்தில் உள்ள மிதிமேல் செருப்புக் காலை வைத்து ஏறி மிதித்தால் குளத்துக் கரையில் ஒரு சாண் இறங்கும். அதன் பிறகு காற்றாவது ஒன்றாவது.

மேலே இருப்பது 5/8 அங்குலத் திருகு. கேமரா ஹெட்டின் அடியில் 3/8. நான் லேத்துப் பட்டறையில் பித்தளையில் ஒரு அடாப்டர் கடைந்து வாங்கினேன். பழைய சர்வே சாமான் கடையில் மரக்கால் கிடைக்கும்.

மலைக்காடு | காலை 7:15
ஐயா, ஆறு கிலோ மரத்தைத் தூக்கிக்கொண்டு யார் கரை சுற்றுவது? கார்பன் இரண்டு கிலோ. தூக்க முடியாத ட்ரைபாட் வீட்டிலேயே கிடக்கும்.

சர்வேயர் பெரியப்பா | காலை 7:22
தோளில் சாத்திக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து மைல் நடந்திருக்கிறோம். உங்கள் கார்பன் காலை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஒரு தடவை நிறுத்திக் காட்டுங்கள். காற்றாலை வைத்திருக்கிற காற்று அது.

மலைக்காடு | காலை 7:31
நிறுத்தியிருக்கிறேன். அடியில் பையைத் தொங்கவிட்டால் நிற்கும்.

தொலைநோக்கர் | காலை 7:58
தொங்கும் பை காற்றில் ஊசலாடி இன்னும் கெடுக்கும். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், கயிறு மட்டும் விறைப்பாக. பொருளைப் பற்றிய சண்டையும் வீண். ஒரே விலையில் மெல்லிய கார்பன் காலைவிடத் தடித்த அலுமினியக் கால் நன்றாக நிற்கும். மூன்று மடிப்புக் காலில் கடைசிக் குழாய் தடிமனாக இருக்கும். நான்கு, ஐந்து மடிப்பு என்றால் கடைசிக் குழாய் பென்சில்தான்.

மலைக்காடு | காலை 8:10
அதே தடிமனில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார். நான் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நாங்குநேரிக்காரன் | பகல் 12:40
பார்த்தேன். இரண்டும் இருக்கிறது! கையை எடுத்தால் ஆட்டம் அடங்க நாலைந்து விநாடி ஆகிறது. அடங்கிய பிறகும் நெளிகிறது. பதினொன்றரை மணிக்குத்தான் போனேன், காலையில் டியூஷன் எடுக்கிறேன். வாத்து ஒரு 300 மீட்டர் இருக்கும். ட்ரைபாடின் நடுத்தண்டை முழுசாக ஏற்றித்தான் வைத்திருந்தேன், இல்லையென்றால் கண்ணுக்கு எட்டவில்லை.

உப்பளத்தான் | பகல் 1:15
அப்படியா, இப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

முதலில் கானல். நான் வேதாரண்யம் உப்பளத்தில் உள்ளான் பறவைகளை எண்ணுகிறவன். ஒன்பதரைக்கு மேல் தரை சூடேறிவிட்டால் 30 மடங்குக்கு மேல் திருகுவதே இல்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காகக் கிளம்பி ஒளியை வளைக்கும், அதையும் 60 மடங்கு பெரிதாக்கித்தான் நீ பார்க்கிறாய். 85 மி.மீ. ஸ்கோப்பில் 60 வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1.4 மி.மீ. தான், படமும் மங்கும். 300 மீட்டரை 40 மடங்கில் பார்த்தால் ஏழரை மீட்டரில் நிற்பதுபோல. அது போதும். சூரியன் எழுந்த கையோடு போய்விடு. வெறும் மண்ணுக்கு மேலே பார்க்காமல் தண்ணீருக்கு மேலே பார்வை போகும் இடமாகப் பார்த்து நில்.

அடுத்து நடுத்தண்டு. அதை ஏற்றினால் மூன்று காலை ஒற்றைக் காலாக்கிவிடுகிறாய். நேர் ஸ்கோப்பும் 178 உயரமும் சேர்ந்தால் ட்ரைபாட் கண் மட்டத்துக்கு வந்தாக வேண்டும், அதுதான் உன் கஷ்டம். சாய்ந்த ஐபீஸ் என்றால் ஒரு சாண் தாழ்த்தியே வைக்கலாம். உனக்கு வழி, உட்காருவது. ஒரு மடக்கு ஸ்டூல். நடுத்தண்டு இறங்கி, கடைசி மடிப்பை நீட்டாமல், கால்களை அகட்டி வை. இருக்கிற ட்ரைபாடிலேயே பாதி ஆட்டம் போய்விடும்.

மூன்றாவது, மூக்குக் குத்துவது. ஸ்கோப்பின் எடையெல்லாம் ஒரு பக்கம் இருக்கிறது, திருகு இன்னொரு பக்கம். ஸ்கோப்பின் பாதத்தில் ஹெட்டோடு பூட்டும் நீளமான ப்ளேட் போட்டு, விரல்மேல் தராசுபோல நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடம் ஹெட்டுக்கு நேர்மேலே வருகிறமாதிரி நகர்த்து. ஐபீஸை மாட்டிய பிறகு பார்க்க வேண்டும், மாட்டாமல் பார்த்தால் தப்பாகும்.

தொலைநோக்கர் | பகல் 2:05
ஹெட்டுக்கு என் பரிந்துரை: மான்ஃப்ரோட்டோ எம்விஎச்500ஏஎச். அதில் உள்ள எதிர்எடை ஸ்ப்ரிங் 2.4 கிலோவுக்கு என்று நிலையாக வைத்தது, உங்கள் 2.1-க்கு அருகில். கையை எடுத்தாலும் ஸ்கோப் விழாது. ப்ளேட்டும் நீளமானது, முன்னும் பின்னும் நகரும். ஹெட்டின் எடை 0.9 கிலோதான். காலுக்கு அதே கம்பெனியின் 055 வரிசை அலுமினியம், பழையதாகத் தேடுங்கள். 15,000-க்குள் இரண்டையும் புதிதாக வாங்க நினைத்தால் இரண்டுமே சுமாராகத்தான் அமையும். முதலில் ஹெட்.

மலைக்காடு | பகல் 2:20
இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஹெட் முதலில். பிறகு கார்பன்.

நீர்க்காகம் | பகல் 3:44
ப்ளேட் திருகை இறுக்கினீர்களா? என்னுடையது ஒரு மாதம் ஆடியது, ஹெட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஸ்கோப்பின் பாதத்துக்கும் ப்ளேட்டுக்கும் நடுவில் இருந்த ரப்பர் நசுங்கிக் கிடந்தது. ரப்பரைக் கழற்றிவிட்டு ஒரு காசால் திருகை இறுக்கினேன், நின்றுவிட்டது.

தையல்சிட்டு | இரவு 8:02
தம்பி, போனை ஐபீஸில் வைத்துப் படம் எடுத்தால் இரண்டு விநாடி டைமர் வையுங்கள். வீடியோவாக எடுத்தால் இன்னும் நல்லது, பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

நாங்குநேரிக்காரன் | புதன், காலை 8:15
எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு டியூஷன் லீவு போட்டுவிட்டு 6:50-க்குப் போனேன். ஸ்டூல், நடுத்தண்டு கீழே, பை தரையைத் தொட்டு. ரப்பர் எனக்கும் நசுங்கித்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். 40 மடங்கில் வைத்தேன். முதல் எழுத்தும் கடைசி எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. நடுவில் இருப்பது 8-ஆ, பி-யா என்றுதான் தெரியவில்லை, வாத்து கழுத்தை மடக்கித் தூங்கிவிட்டது. ஹெட் ஆர்டர் போட்டாச்சு. பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

உப்பளத்தான் | காலை 8:21
சபாஷ். நாளைக்கும் அதே இடத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறமாதிரி உட்கார். வீடியோ எடு.

தொலைநோக்கர் | காலை 9:40
தெளிவாகத் தெரியாத எழுத்தை ஊகித்துப் பதிவு செய்யாதீர்கள். கேள்விக்குறி போட்டே எழுதுங்கள்.

சர்வேயர் பெரியப்பா | காலை 10:05
தம்பி, கால் வாங்கும்வரை என் மரக்கால் இங்கே சும்மாதான் நிற்கிறது. பாளையங்கோட்டைக்கு வந்தால் எடுத்துக்கொண்டு போ, பித்தளை அடாப்டரும் அதிலேயே மாட்டியிருக்கிறது. பஸ்ஸில் நடத்துநரிடம் சொல்லிவிட்டுப் பின்படிக்குப் பக்கத்தில் சாத்தி வை.