மறு: 'போர்ட்' என்பதற்குத் தளம்பெயர்ப்பு என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸில் விண்வெளி விளையாட்டுகள் பற்றிய நம் கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். தலைப்பிலேயே கை நின்றுவிட்டது. விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளத்துக்கு எழுதிய விளையாட்டை இன்னோர் இயங்குதளத்தில் ஓடும்படி மாற்றுவதை ஆங்கிலத்தில் 'போர்ட்' செய்வது என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்வது? ஒரு வாரமாக இங்கே வந்த சொற்களை எல்லாம் வாக்கியத்தில் போட்டு எழுதிப் பார்த்தேன். மனதில் பட்டதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> துறை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். துறையேற்றம் என்றால் என்ன குறை?

ஐயா, யுஎஸ்பி கம்பியைச் செருகும் இடத்தையும் போர்ட் என்கிறார்கள், அதற்குத் துறை அழகாகப் பொருந்துகிறது. இணையத்தில் 80ஆம் துறை என்பதும் சரிதான். வெளியிலிருந்து வருவது வந்து சேரும் வாசல் அது. ஆனால் விளையாட்டைப் போர்ட் செய்வது வாசல் சம்பந்தப்பட்டது இல்லை. ஓர் இடத்தில் இருப்பதை எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது. அதோடு, கப்பல் விண்நிலையத்தில் போய் நிற்பதற்குத் 'துறைசேர்தல்' என்று போன அத்தியாயத்தில்தான் எழுதினோம். அடுத்த பக்கத்திலேயே துறையேற்றம் வந்தால் வாசகர் தடுமாறுவார்.

> இடப்பெயர்வு எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் வவுனியாவிலிருந்து எழுதும் தங்கை சொன்னதை நான் மறக்கவில்லை. அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழி தேடிய நாள்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அதை ஒரு விளையாட்டின் மேல் ஏற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. இலக்கணமும் இடிக்கிறது. பெயர்வது தன்வினை, பெயர்ப்பது பிறவினை. எந்த விளையாட்டும் தானாக லினக்ஸுக்கு நடந்து வந்ததில்லை. யாரோ உட்கார்ந்து, தூக்கம் கெட்டு, பெயர்த்திருக்கிறார்கள். அந்த உழைப்பு சொல்லில் தெரிய வேண்டும். அதனால் பெயர்வு வேண்டாம், பெயர்ப்பு வேண்டும்.

அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதற்கு ஃபிரீஸ்பேஸ் 2 என்ற விண்வெளிப் போர் விளையாட்டு நல்ல சாட்சி. வொலிஷன் நிறுவனம் 1999இல் விண்டோஸுக்காக வெளியிட்டது. 2002இல் அதன் மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய வரிகளை, வணிகமல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டார்கள். நிரல் மட்டும்தான், கப்பல் உருவங்கள், ஒலி, கதை எல்லாம் விளையாட்டை வாங்கியவர் கையில் இருப்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆர்வலர்கள் அந்த நிரலைப் பிரித்து உட்கார்ந்தார்கள். விண்டோஸின் வரைகலை நிரலகமான டைரக்ட்3டியை நம்பி வரைந்த இடத்தை, லினக்ஸிலும் உள்ள ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றினார்கள். ஒலிக்கு டைரக்ட்சவுண்ட் இருந்த இடத்தில் ஓப்பன்ஏஎல் வந்தது. சாளரம் திறப்பது, ஜாய்ஸ்டிக்கைப் படிப்பது எல்லாம் பல இயங்குதளங்களிலும் ஓடும் எஸ்டிஎல் நிரலகத்தின் பொறுப்பு ஆனது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்த அமைப்புகள் வீட்டுக் கோப்புறையில் ஒரு சாதாரண உரைக் கோப்பாக மாறின. இன்றைக்கும் அந்த விளையாட்டு லினக்ஸில் ஓடுகிறது, வெளிவந்த நாளைவிட அழகாகவே ஓடுகிறது.

நான் சின்ன அளவில் ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறேன். கல்லூரி நண்பர் ஒருவர் விண்டோஸில் எழுதிய சிறிய விண்கல விளையாட்டு அது. எஸ்டிஎல் வைத்துத்தான் எழுதியிருந்தார், அதனால் ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கம்பைல் ஆனது, ஓடியது, விண்மீன்கள் தெரிந்தன. ஆனால் விண்கலம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. சுட்டால் குண்டு வருகிறது, கலத்தைக் காணோம். இரவு ஒரு மணிக்குத்தான் பிடிபட்டது: படக் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, நிரலில் எல்லாமே சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். அதைத் திருத்தியதும் ஒலி வரவில்லை. கோப்புறைப் பாதையில் விண்டோஸ் வழக்கப்படி பின்சாய்கோடு, லினக்ஸுக்கு வேண்டியது முன்சாய்கோடு. இப்படியே நாற்பது கோப்புகள்.

வட்டாரப் பேச்சில் எழுதிய கதையை மொழிபெயர்க்கிறவர் படும் பாடு இதுதானே? கதை பெரிதாகத் தகராறு செய்யாது. ஊர்க்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லாத சின்னச் சின்ன வழக்கங்கள்தான் உயிரை வாங்கும்.

ஆகவே மொழிபெயர்ப்பின் அச்சிலேயே இந்தச் சொல்லையும் வார்க்கலாம் என்பது என் முன்மொழிவு: தளம்பெயர்ப்பு. மொழிபெயர்த்தல் தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல். இயங்குதளம் என்ற சொல்லும் நம்மிடம் வேர்விட்டுவிட்டது. நூலை மொழிபெயர்க்கிறோம், விளையாட்டைத் தளம்பெயர்க்கிறோம். செய்பவர் தளம்பெயர்ப்பாளர். எளிதில் மாற்றக்கூடியதாக எழுதிய நிரல், தளம்பெயர்க்கத்தக்க நிரல். வினை, பெயர், ஆள் எல்லாம் இழுக்காமலே வருகின்றன. துறையேற்றத்தில் ஆளுக்கு என்ன சொல்வோம்?

> தளப்பெயர்ப்பு என்று 'ப்' போட வேண்டாமா?

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் உரக்கப் படித்தால் 'தளப்பெயர்' என்று காதில் விழுகிறது, ஏதோ வலைத்தளத்தின் பெயர் போல. இடம்பெயர், புலம்பெயர் என்பவற்றில் மகரம் கெடாமல் நிற்கிறதே, இங்கேயும் அப்படியே நிற்கட்டும்.

மறுநடவு என்று தஞ்சாவூர்த் தம்பி கொடுத்த சொல் எனக்கு மிகவும் பிடித்தது. நாற்றங்காலிலிருந்து பறித்து வயலில் நடும் படம் கண்ணில் வருகிறது. ஆனால் நட்ட பிறகு நாற்றங்கால் காலியாகிவிடும். தளம்பெயர்த்த பிறகும் விண்டோஸ் பதிப்பு அங்கேயே இருக்கிறது, மூலநூல் இருப்பது போல. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் விட்டுவிட்டேன்.

இனி, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட உதவும் மென்பொருள்களான வைனும் புரோட்டானும். இவற்றையும் தளம்பெயர்ப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். அது கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1993இல் தொடங்கிய வைன், விளையாட்டின் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடுவதில்லை. விளையாட்டு விண்டோஸிடம் பேசுவதாக நினைத்துப் பேசுகிறது; வைன் நடுவில் நின்று, ஓடுகிற நேரத்திலேயே அதை லினக்ஸுக்குப் புரியும்படி சொல்கிறது. டைரக்ட்3டி அழைப்பை லினக்ஸிலும் உள்ள வல்கன் என்ற வரைகலை முறைக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகேயும் அதே வேலைதான். ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி புரோட்டானாகக் கொடுத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக, இரு மொழி தெரிந்த இடையாளாக, இருந்தாரே, அந்த வேலை. துபாஷி கூடவே இருக்கும்வரை பேச்சு நடக்கும். அவர் ஒரு நாள் வராவிட்டால் பேச்சு நின்றுபோகும்.

துபாஷி என்றே வைத்துவிட ஆசைதான். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லையே தனியாக விளக்க வேண்டியிருக்கும். 'இணக்க அடுக்கு' ஆங்கிலத்தின் 'கம்பாட்டிபிலிட்டி லேயர்' என்பதை அப்படியே அடியொற்றியது, என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. போன்மி என்பது வேறொரு கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டருக்கான சொல், அதுவும் பொருந்தாது; தான் எமுலேட்டர் இல்லை என்று வைனின் பெயரே ('வைன் இஸ் நாட் ஆன் எமுலேட்டர்') அறிவிக்கிறது. இடைப்பெயர்ப்பி என்று வைக்கலாம். இடையில் நின்று பெயர்த்துச் சொல்வது.

இரண்டுக்கும் ஏன் தனித்தனிச் சொல் என்று கேட்கலாம். நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பதே அதில்தான் இருக்கிறது. 2003இல் வந்த ஃபிரீலான்சர் என்ற விண்வெளி விளையாட்டின் மூலநிரல் திறக்கப்படவில்லை. ஆர்வலர்கள் எத்தனை பேர் இருந்தாலும் இடைப்பெயர்ப்பி வழியாகத்தான் ஓட்ட முடியும். டிசென்ட் 3 என்ற விளையாட்டு வேறு கதை. 2000இலேயே, விண்டோஸ் விளையாட்டுகளைத் தளம்பெயர்த்து விற்ற லோக்கி நிறுவனம் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2002 தொடக்கத்தில் லோக்கியே மூடப்பட்டுவிட்டது. விளையாட்டின் மூலநிரல் திறந்த உரிமத்தில் வெளியானது 2024இல். இடையில் இத்தனை ஆண்டுகள்! நிரலைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதை யாரும் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதும். எக்ஸ்4 என்ற விண்வெளி விளையாட்டில் போல, அதை உருவாக்கிய நிறுவனமே லினக்ஸ் பதிப்பைத் தருவது இன்னும் நல்லது.

புரோட்டான்தான் இருக்கிறதே, தளம்பெயர்ப்பு எதற்கு என்று ஒரு நிறுவனம் கேட்டால், நம் பிள்ளைகள் தமிழில் பதில் எழுத இந்த இரண்டு சொற்களும் கையில் இருக்க வேண்டும்.

கையேட்டில் இப்படி வரும், படித்துப் பாருங்கள்:

"ஃபிரீஸ்பேஸ் 2 லினக்ஸுக்குத் தளம்பெயர்க்கப்பட்டது. ஃபிரீலான்சர் இன்னும் தளம்பெயர்க்கப்படவில்லை. இடைப்பெயர்ப்பி துணையோடு ஓடும்."

உங்கள் நாவில் இடறினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவுவரை பார்த்துவிட்டு அத்தியாயத் தலைப்பை மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.